நிறுத்தி வைத்த வண்டிக்கு வாடகை
மேகக் கணிமைச் செலவைக் கட்டளை வரியால் கட்டுப்படுத்தும் முறை

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வடம் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்தது. அன்று போர்ட் பிளேர் என்றும் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜய புரம் என்றும் வழங்கும் நகருடன், ஸ்வராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவையும் இதனால் இணைக்கப்பட்டன. அதற்கு முன்பு தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது.

வடம் வந்தபின் ஜங்லிகாட் போன்ற பகுதிகளில் தொழில் செய்வோருக்கு ஒரு புதிய வாய்ப்பு திறந்தது. முன்பதிவு, சரக்குக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றைக் கடைக்குள் இருக்கும் கணினியில் பூட்டி வைக்காமல், பெருநிலத்திலுள்ள தரவு மையங்களில் வாடகைக்கு இடம் பிடித்து நடத்தலாம். இதனையே மேகக் கணிமை என்கிறோம். வாய்ப்போடு சேர்ந்து ஒரு புதிய மாதச் செலவும் வந்தது. அச்செலவில் எவ்வளவு பயனுக்கு, எவ்வளவு வீணுக்கு என்பதை உரிமையாளரே கண்டறிய உதவும் எளிய கருவி ஒன்றைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

வாடகை எவ்வாறு ஏறுகிறது?

எடுத்துக்காட்டாக, ஜங்லிகாட் மீன்பிடிப் படகுத்துறைக்கு அருகில் ஒரு தங்கும் விடுதியும் சுற்றுலா முகவர் நிலையமும் நடத்தும் சிறு நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முன்பதிவுத் தளம் மேகத்திலுள்ள ஒரு சர்வரில் இயங்குகிறது. மென்பொருளை உருவாக்கித் தந்தவர், மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க இரண்டாவது சர்வர் ஒன்றையும் தொடங்கினார். பழைய தளத்தின் படங்கள் 200 ஜிபி வட்டு ஒன்றில் கிடக்கின்றன. வேலை முடிந்தது, அவர் அடுத்த பணிக்குச் சென்றுவிட்டார். சோதனைச் சர்வர் மட்டும் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

மேகத்தில் சர்வருக்கான வாடகை, அது வேலை செய்த நேரத்துக்கு அன்று, இயங்கிய நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அனுப்ப மறந்தால் மீட்டர் ஓடுவது போன்றதே இது. சோதனைச் சர்வருக்கு மணிக்கு 4 ரூபாய் வாடகை என்று கொள்வோம். மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். ஆகவே 2,920 ரூபாய். அதே சர்வரை வேலை நாள்கள் 26இல், நாளொன்றுக்கு 10 மணி நேரம் மட்டும் இயக்கினால் 260 மணி நேரம், 1,040 ரூபாய். மாதத்துக்கு 1,880 ரூபாயும் ஆண்டுக்கு 22,560 ரூபாயும் மிச்சமாகும். ஒரே ஒரு சிறு சர்வரின் கணக்கு இது.

வட்டின் கணக்கு வேறு. சர்வரை நிறுத்தினாலும், நீக்கினாலுங்கூட, தனியே விடப்பட்ட வட்டுக்கு வாடகை தொடரும். பொது இணைய முகவரிக்கும் இப்போது தனிக் கட்டணம் உண்டு. அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் 2024 பிப்ரவரி 1 முதல், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 3.65 டாலர். சிறு தொகைதான், ஆனால் மறந்துபோன முகவரிகள் நான்கைந்து சேர்ந்தால் ஒரு சிறு சர்வரின் வாடகையாகிவிடும்.

கட்டளை வரி என்பது யாது?

மேகக் கணக்கை இரு வழிகளில் ஆளலாம். ஒன்று, உலாவியில் திறக்கும் வண்ணப் பலகை. பொத்தான்களை அழுத்திப் பக்கம் பக்கமாகச் செல்ல வேண்டும். மற்றொன்று கட்டளை வரி. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால் விடை எழுத்தாகவே வந்து விழும். அமேசானின் கருவி ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ. கூகுளின் கருவி ஜிகிளவுட். மைக்ரோசாஃப்ட் அஷூரின் கருவி ஏஇசட். மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூவகைக் கணினிகளிலும் நிறுவத்தக்கவை.

இவற்றின் இலக்கணம் எளிது. முதலில் கருவியின் பெயர்; அடுத்து எந்தச் சேவை; அதன்பின் என்ன செயல்; இறுதியில் நிபந்தனைகள். 'ஏடபிள்யூஎஸ் இசி2 டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ்' என்பது, அமேசான் கணக்கில், சர்வர்ப் பிரிவில், உள்ள சர்வர்களை விவரி என்று பொருள்படும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பையும் பொருளையும் தருகிறோம்.

தீவில் வாழ்வோருக்குக் கட்டளை வரியால் ஒரு தனிப்பயன் உண்டு. வண்ணப் பலகை ஒவ்வொரு பக்கத்துக்கும் படங்களையும் நிரல்களையும் சேர்த்தே இறக்கும். கட்டளையோ சில வரி எழுத்தாகச் சென்று, எழுத்தாகவே திரும்பும். பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே ஒரு கேள்வி போய் விடை திரும்ப ஏறக்குறைய அரை வினாடி ஆகும். வடத்தில் பழுது நேர்ந்து இணைப்பு மெலியும் நாள்களில், பலகை திறக்காத இடத்திலும் கட்டளை சென்று சேர வாய்ப்புண்டு. தட்டிய கட்டளையைக் கோப்பில் எழுதி வைத்தால் அடுத்த மாதம் அதையே மீண்டும் இயக்கலாம் என்பது மற்றொரு நன்மை.

முதலில் பார்த்தல்

செலவைக் குறைக்க முனைவோர் முதல் நாளே எதையும் நீக்கலாகாது. முதல் வேலை பட்டியலிடுவதே. மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எந்தெந்தச் சர்வர்கள் இயங்குகின்றன? மேலே கூறிய 'டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ்' கட்டளை இதற்கு விடை தரும். 'அவுட்புட் டேபிள்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் விடை கட்டம் போட்ட அட்டவணையாக வரும். இங்கே ஒரு கண்ணி உண்டு. இக்கட்டளை ஒரு நேரத்தில் ஒரு வட்டாரத்தை மட்டுமே பார்க்கும். கருவியில் மும்பை வட்டாரம் இயல்பாக அமைந்திருந்தால், மென்பொருளாளர் சிங்கப்பூரில் தொடங்கி மறந்த சர்வர் பட்டியலில் வராது. எனவே வட்டாரந்தோறும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்தச் சர்வரோடும் இணையாத வட்டுகள் எவை? 'டிஸ்க்ரைப்-வால்யூம்ஸ்' கட்டளையோடு, நிலை 'அவைலபிள்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் அநாதையாகக் கிடக்கும் வட்டுகள் மட்டும் வரும். 'அவைலபிள்' என்ற சொல்லைக் கண்டு இலவசம் என்று எண்ணிவிடலாகாது. எவருக்கும் பயன்படாமல் வாடகை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

மூன்றாம் கேள்வி: சென்ற மாதம் எந்தச் சேவைக்கு எவ்வளவு செலவாயிற்று? 'ஏடபிள்யூஎஸ் சிஇ கெட்-காஸ்ட்-அண்ட்-யூசேஜ்' கட்டளை, தேதி வரம்பைக் கொடுத்தால், சேவை வாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டும். முதல் இரண்டு கேள்விகளுக்குக் கட்டணமில்லை. இம்மூன்றாவதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் 0.01 டாலர் கட்டணம் உண்டு. மாதம் ஒருமுறை கேட்பவருக்கு இது பொருட்டன்று. நிமிடந்தோறும் தானாகக் கேட்கும்படி நிரல் எழுதினால் செலவைக் கண்காணிப்பதே ஒரு செலவாகிவிடும்.

பின்னர் நிறுத்துதல்

பட்டியல் கையில் வந்தபின், ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இது யாருக்கு? எதற்கு?' என்று எழுத வேண்டும். விடை தெரியாதவற்றை நீக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்.

நிறுத்துவதும் நீக்குவதும் வேறு வேறு. 'ஸ்டாப்-இன்ஸ்டன்சஸ்' என்னும் கட்டளை கடைக்குப் பூட்டுப் போடுவது போன்றது. சர்வர் வாடகை நிற்கும், வட்டு வாடகை தொடரும், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். 'டெர்மினேட்-இன்ஸ்டன்சஸ்' கடையையே இடித்துவிடுவது. அமேசானில் இயல்பான அமைப்பின்படி, சர்வரின் முதன்மை வட்டும் அதனுடனே அழிந்துவிடும். காப்புநகல் இல்லையேல் ஐந்தாண்டு முன்பதிவுக் கணக்கு ஒரே வரியில் மறைந்துபோகும். 'உறுதியா?' என்று கேட்கும் பொத்தான் கட்டளை வரியில் பெரும்பாலும் இராது. ஆகவே எந்த வட்டையும் நீக்குமுன் 'கிரியேட்-ஸ்னாப்ஷாட்' கட்டளையால் நகல் எடுத்து, அந்நகலிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்க்க வேண்டும். நகலுக்கும் சிறு வாடகை உண்டு. அது காப்பீட்டுத் தவணை போன்றது.

அஷூர் பயன்படுத்துவோர் மற்றொன்றைக் கருத வேண்டும். அங்கே 'ஏஇசட் விஎம் ஸ்டாப்' என்று தட்டினால் சர்வர் அணையும்; ஆனால் அதற்கென ஒதுக்கிய இடம் ஒதுக்கியபடியே இருப்பதால் வாடகை தொடரும். 'ஏஇசட் விஎம் டீஅலொக்கேட்' என்று தட்டினால்தான் சர்வர் வாடகை நிற்கும். ஒரு சொல்லில் மாத வாடகை தங்கியிருக்கிறது.

சோதனைச் சர்வரை இரவில் நிறுத்திக் காலையில் தொடங்கும் வேலையை நேர அட்டவணையில் ஏற்றிவிடலாம். பல அட்டவணைக் கருவிகள், மாற்றி அமைக்காவிட்டால், கிரீன்விச்சை ஒட்டிய பன்னாட்டு நேரத்தையே பின்பற்றும். அது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பிந்தியது. இரவு 9 மணிக்கு நிறுத்த வேண்டுமானால் அட்டவணையில் பிற்பகல் 3.30 என்று எழுத வேண்டும். இதைக் கவனியாமல் 21 மணி என்று எழுதினால் சர்வர் அதிகாலை 2.30க்குத்தான் நிற்கும்.

அளவும் பருவமும்

இயங்க வேண்டிய சர்வரும் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கலாம். அமேசானின் கம்ப்யூட் ஆப்டிமைசர் சேவை, சர்வரின் பயன்பாட்டை ஆராய்ந்து, இன்ன அளவு போதும் என்று பரிந்துரைக்கும். 'கெட்-இசி2-இன்ஸ்டன்ஸ்-ரெகமெண்டேஷன்ஸ்' என்ற கட்டளையால் அப்பரிந்துரையைப் பெறலாம்.

ஆனால் அச்சேவை இயல்பாகப் பார்ப்பது கடந்த 14 நாள்களை மட்டுமே. அந்தமானின் சுற்றுலாப் பருவம் ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி மே வரை நீள்வது. ஜூலை மழையில் முன்பதிவுத் தளம் வெறிச்சோடியிருக்கும்போது கேட்டால், சர்வரைப் பாதியாகச் சுருக்கலாம் என்றே விடை வரும். அதைக் கேட்டு ஆண்டு முழுமைக்கும் சுருக்கினால், டிசம்பர் இறுதியில் கூட்டம் வரும்போது தளம் திணறும்; முன்பதிவு வேறொருவரிடம் போகும். கருவி எண்களை அறியும். பருவத்தை அறிந்தவர் உரிமையாளரே. மழைக்காலத்துக்கு ஓர் அளவு, பருவத்துக்கு ஓர் அளவு என்று இரண்டு கட்டளைக் கோப்புகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று அல்லது மூன்று ஆண்டுக்கு உறுதியளித்து வாடகைத் தள்ளுபடி பெறும் திட்டங்களும் உண்டு. அவற்றில் சேருமுன் வீணானவற்றை நீக்கி, அளவைச் சீராக்க வேண்டும். இல்லையேல், தேவையற்றதைத் தள்ளுபடி விலையில் மூன்றாண்டுக்கு வாங்கியவராவோம்.

ஒரு வங்கி உருவாக்கிய கருவி

இக்கவலை சிறு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி தன் பணிகளை மேகத்துக்கு மாற்றியபோது இதே கேள்வியை எதிர்கொண்டது. அதற்கு விடையாக அவ்வங்கியில் உருவானதே கிளவுட் கஸ்டோடியன் என்ற கட்டளை வரிக் கருவி. 2016இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட இக்கருவியை இன்று எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இதில் விதிகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். இணைப்பற்ற வட்டுகளைக் கண்டால் குறியிடு. குறியிட்ட ஏழாம் நாளும் எவரும் உரிமை கோராவிட்டால் நீக்கு. வேலை நேரம் முடிந்தால் சோதனைச் சர்வர்களை நிறுத்து என்பன போன்ற விதிகள். 'கஸ்டோடியன் ரன்' என்ற கட்டளை அவற்றை நிறைவேற்றும். 'டிரைரன்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் எதையும் தொடாமல், எவை எவை விதிக்குள் அகப்படுகின்றன என்று மட்டும் காட்டும். புதிய விதி எதையும் முதலில் இவ்வாறு ஒத்திகை பார்த்த பின்பே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

திறவுகோல் யார் கையில்?

அதே வங்கியின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. 2019 ஜூலையில், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 10.6 கோடி பேரின் விவரங்கள் வெளியாள் ஒருவரால் எடுக்கப்பட்டமை தெரியவந்தது. தவறாக அமைந்த ஒரு பாதுகாப்பு அரணின் வழியே உள்ளே நுழைந்தவர், அந்த அரணுக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியையே கைப்பற்றினார். பின்னர் அவர் இயக்கியவை, சேமிப்புக் கிடங்குகளைப் பட்டியலிடும் கட்டளையும் அவற்றை நகலெடுக்கும் கட்டளையுமே. 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

உரிமையாளருக்குக் கணக்குச் சொல்லும் கட்டளை, திறவுகோல் கைமாறினால் திருடருக்கும் கணக்குச் சொல்லும். கட்டளை வரிக்குப் பயன்படும் திறவுகோல் என்பது இரண்டு நீண்ட எழுத்துத் தொடர்கள். 'கான்ஃபிகர்' கட்டளை அவற்றை நம் கணினியிலேயே ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வைக்கிறது. எனவே, கடையில் பலரும் பயன்படுத்தும் கணினியில் இதை அமைக்கலாகாது. மென்பொருள் நிரலுக்குள் திறவுகோலை எழுதிப் பொதுத் தளத்தில் ஏற்றலாகாது. அவ்வாறு கசிந்த திறவுகோலைக் கொண்டு பிறர் பெருஞ்சர்வர்களைத் தொடங்கினால், கட்டணச் சீட்டு நம் பெயருக்கே வரும்.

பட்டியலிடும் வேலைக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கை உருவாக்குங்கள். நிறுத்தும் உரிமை வேறொரு கணக்குக்கு இருக்கட்டும். தலைமைக் கணக்குக்குத் திறவுகோலே வேண்டாம்; அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். மென்பொருளாளர் விலகிய நாளிலேயே அவருடைய திறவுகோலைச் செயலிழக்கச் செய்யுங்கள். காசோலைப் புத்தகத்துக்குக் காட்டும் கவனமே இதற்கும் உரியது.

வங்கிக் கணக்கின் பக்கம்

மேகக் கட்டணம் பெரும்பாலும் அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழிக்கப்படுவது. இத்தகைய தொடர் கழிவுகளுக்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. ஒருமுறைக் கடவுச்சொல் இன்றிக் கழிக்கத்தக்க வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் ஒப்புதல் தேவை. வழக்கமாக 9,000 ரூபாய் வரும் கட்டணம் கவனக்குறைவால் 16,000 ஆனால், தானியங்கிக் கழிவு நடைபெறாது. அறிவிப்பைப் பாராமல் விட்டால் சேவையே தடைப்படலாம். முன்னறிவிப்புக் குறுஞ்செய்தியை அழிக்குமுன் அதிலுள்ள தொகையைச் சென்ற மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மேகச் சேவைக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. பதிவு பெற்ற நிறுவனங்கள் தம் வரி எண்ணை மேகக் கணக்கில் பதிந்தால் கட்டணச் சீட்டில் அது இடம்பெறும். உள்ளீட்டு வரி வரவு கோருவதற்கு அது துணையாகும். இவ்விரு வேலைகளுக்கும் எந்தக் கட்டளையும் தேவையில்லை.

செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கையையும் அமைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கை தானாக எதையும் நிறுத்தாது. செலவுத் தரவு சில மணி நேரம் பிந்தியே வருவதால், அது மணியடிக்கும் முன்பே சிறிது தொகை போயிருக்கும். எனவே எச்சரிக்கையை நம்பிப் பட்டியலிடுதலைக் கைவிடலாகாது.

மாதம் ஒரு நாள்

சுருங்கக் கூறின், மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். கட்டணச் சீட்டு வரும் நாளே பொருத்தமானது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சர்வர்களையும் வட்டுகளையும் முகவரிகளையும் பட்டியலிடுங்கள். சென்ற மாதப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். புதிதாக வந்தவை எவை, எதற்கு என்று கேளுங்கள். பயனற்றதை நிறுத்துங்கள்; நிறுத்திய பின் ஒரு மாதம் எவரும் தேடாவிட்டால், நகல் எடுத்து நீக்குங்கள். இயக்கிய கட்டளைகளைத் தேதியோடு ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

கட்டளைகளைத் தாமே தட்ட இயலாத உரிமையாளர்கள், தம் மென்பொருளாளரிடம் இம்மூன்று பட்டியல்களையும் மாதந்தோறும் கேட்டுப் பெறலாம். ஒரு வரிக் கட்டளையால் கிடைக்கும் பட்டியலைத் தருவதற்கு அவருக்கு நெடுநேரம் ஆகாது. கடையின் வாடகையையும் மின் கட்டணத்தையும் வரி வரியாகப் பார்த்துச் செலுத்தும் நாம், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குச் செலுத்தும் வாடகையையும் அவ்வாறே பார்த்துச் செலுத்துவோம்.